சந்திக் கடையில் இரண்டு அறை

அதிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கீழே யாரோ ரொட்டி மாவைத் தூக்கித் தூக்கிப் பலகையில் அடிக்கிறார்கள். தொம் தொம் என்று அந்த அடி சுவரில் ஏறி, நான் படுத்திருந்த கட்டில்வரை வருகிறது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியதும் அடி நின்றது. தொழுது முடிக்கும் நேரம் கழிந்தது. மறுபடி தொம் தொம்.

இலங்கையின் மன்னார்க் கரையில், சிலாவத்துறைச் சந்தியில் உள்ள இந்த ஹோட்டலில் தங்குவதற்கு இரண்டே அறைகள். கீழே ஆறு மேசைகள், பணிஸும் ரோல்ஸும் அடுக்கிய ஒரு கண்ணாடி அலுமாரி, வாசலில் தொங்கும் வாழைக்குலை. எங்கள் நாட்டில் ஹோட்டல் என்றால் முதலில் சோறு, பிறகுதான் படுக்கை. இங்கேயும் சோறுதான் தொழில். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களையும் மாற்றலாகி வந்து வீடு கிடைக்காத ஆசிரியர்களையும் கண்டு கண்டுதான் மேலே இரண்டு அறை எழுப்பியிருக்கிறார்கள். முதலாளியை ஊரே ‘நானா’ என்று கூப்பிடுகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அல்லிராணிக் கோட்டையைப் பார்க்கத்தான் வந்தேன். இரண்டு நாளில் திரும்புவதாக இருந்தவன், நாலு நாள் இருந்துவிட்டேன். அதற்குக் காரணம் கோட்டையல்ல, இந்தக் கடை.

வந்த அன்று மாலை தெற்குச் சன்னலைத் திறந்துவிட்டு, “இங்கிருந்து குதிரைமலை தெரியுமா நானா?” என்று கேட்டேன்.

“நுவரெலியாவ நினைச்சுக்கிட்டு வந்தீங்களோ தம்பி? அது கடல்ல போறவனுக்குத்தான் மலை” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். சிலாவத்துறை இருக்கும் முசலிப் பிரதேசத்தின் கரையோரமாகவே தெற்கே போனால் கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. அதையும் தாண்டி மோதரகம் ஆறு. அந்த ஆற்றுக்கு அப்பால் 1938 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வில்பத்துக் காடு. அந்தக் காட்டின் கடல் முகத்தில், செம்பு நிறச் சரளை மண் செங்குத்தாக நிற்கும் மேடுதான் குதிரைமலை முனை. தரைவழியே போகிறவனுக்கு அது மரமும் மண்ணும்தான். தோணியில் வருகிறவனுக்குக் கரை இருக்கும் இடம் சொல்லும் சிவப்பு அடையாளம். சங்கப் பாடல்களில் வரும் குதிரைமலை இதுவா, தமிழ்நாட்டில் உள்ளதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். எனக்கு இந்த மலை முக்கியமானது வேறொரு காரணத்துக்காக. இந்தக் கரைக்கு வந்த விருந்தாளிகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவர் இறங்கிய இடம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

உரோமப் பேரரசர் கிளாடியஸின் காலம், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. செங்கடலில் வரி வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அகப்பட்டார். 15ஆம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் கரையேறினார். பிளினி எழுதி வைத்த செய்தி இது. ஹிப்புரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குள் குதிரை இருப்பதால் அது குதிரைமலைதான் என்று எமர்சன் டெனன்ட் முதலானோர் கொண்டார்கள். வழி தவறி வந்த அந்த மனிதரை அரசன் ஆறு மாதம் வைத்துச் சோறு போட்டான். வந்தவர் ஊர்மொழியைக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்த உரோம வெள்ளிக்காசுகளை எடுத்துப் பார்த்த அரசன், வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் எல்லாம் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு, இவ்வளவு நேர்மையான நாடா என்று வியந்து உரோமுக்குத் தூதர்களை அனுப்பினான். அந்த அரசனை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. கரை ஒதுங்கியவனிடம் என்ன கொண்டுவந்தாய் என்று அவன் கேட்கவில்லை. ஆறு மாதம் பசியாற்றிய பிறகுதான் காசைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது விருந்தாளியைப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் படித்திருப்போம். 1660 இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடு சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாகக் கழித்த ரொபர்ட் நொக்ஸ். சில்லறைச் சாமான் விற்கும் வியாபாரி போல, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு அநுராதபுரம்வரை வந்து, அங்கிருந்து ஆற்றோரக் காட்டைப் பிடித்து மேற்கே நடந்தார். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவி ஆறு என்றும் சொல்லும் அந்த ஆறு கடலில் விழும் இடம் அரிப்பு. சிலாவத்துறைக்கு வடக்கே அடுத்த ஊர். 1679 அக்டோபரில் அங்கிருந்த ஒல்லாந்தரின் சிறு கோட்டையில் இருவரும் போய் நின்றார்கள். கோட்டையில் இருந்தவர்கள் அன்போடு உபசரித்து, மன்னாருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தக் கோட்டையின் சுவர் இன்றும் நிற்கிறது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவர் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு இந்த மண்ணில்தான் என்று எண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சுவரோரம் நின்றேன்.

தனியாக வந்தவர்கள் இவர்கள். இந்தக் கரைக்கு ஊரையே வரவழைத்தது முத்து. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பழைய தமிழில் ஒரு பெயர் உண்டு. சலாபத்துறைதான் சிலாவத்துறை ஆயிற்று என்பார்கள். மன்னார்க் குடாவின் முத்துப் பார்களில் சிப்பி விளைந்திருக்கிறது என்று கண்டால், வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன் உள்ள அமைதியான வாரங்களில் குளிப்பு நடக்கும். கரையில் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று எங்கே வசதியோ அங்கே கிடுகாலும் கம்பாலும் ஒரு பட்டணம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளிகாரர் வருவார்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வருவார்கள். சம்மாட்டிகள், செட்டிகள், தட்டார்கள், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள் எல்லாம் அங்கே இருப்பார்கள். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் 318 வள்ளங்கள் போயின. எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்குக் கிடைத்தது 25 இலட்சம் ரூபாய். மறு ஆண்டு மறிச்சுக்கட்டிக்கு அதிகாரியாக வந்து, சிப்பியை எண்ணிப் பங்கிடும் வேலியடைப்புக்குள் நின்று வேலை பார்த்தவர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ப். பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜினியா வுல்பின் கணவர். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. மீதி அரசாங்கத்துக்கு. அது மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டு, புழுத்ததைக் கழுவி, அடியில் தங்கும் முத்தைத் தேடுவார்கள். காற்றெல்லாம் அந்த நாற்றமும் ஈயும்.

அங்கே கூடிய முப்பது நாற்பதாயிரம் பேருக்கும் அந்த நாற்றத்தின் நடுவே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். யாரோ தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். நாள் முழுக்க மூழ்கி எழுந்து, காதில் இரத்தம் வடிய வந்தவனுக்கு யாரோ சோறு வடித்திருக்கிறார்கள். சிப்பிக்கு ஒன்று விடாமல் கணக்கு வைத்த ஏடுகளில் இவர்களுக்குப் பெயர் இல்லை. குளிப்பு முடிந்ததும் கிடுகைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள், மணலில் சிப்பி ஓடு மட்டும் கிடக்கும். 1906 இல் இலண்டன் கம்பனியொன்று முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போகக் கம்பனியும் கலைந்தது. 1925 இல் நடந்ததுதான் பெயர் சொல்லும்படியான கடைசிக் குளிப்பு.

வாடி என்ற சொல் அந்தப் பட்டணங்கள் போன பிறகும் இங்கே தங்கிவிட்டது. பருவத்துக்குப் பருவம் வரும் மீனவர் போடும் குடிசை வாடி. பிரயாணிகளுக்காக அரசாங்கம் கட்டிய விடுதிக்கு இலங்கைத் தமிழில் வாடி வீடு என்று பெயர். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிற இடம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

குளிப்பை மேற்பார்க்க வருகிறவர் தங்கவென்று கட்டிய மாளிகைதான் நான் பார்க்க வந்த அல்லிராணிக் கோட்டை. பெயர்தான் கோட்டை. அல்லி என்ற அரசி இந்தக் கரையை ஆண்டாள் என்பது ஊர்க்கதை. கட்டியவர் இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த். 1801 இல் தொடங்கி 1804 இல் முடித்த அந்தக் கட்டடத்துக்கு அவரே வரைபடம் போட்டார். கிரேக்க டோரிக் முறைத் தூண்கள், செங்கல்லால் எழுப்பி முத்துச்சிப்பி சுட்ட சுண்ணாம்பால் பூசியவை. அந்தக் காலத்தில் அதைப் பார்த்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், தீவிலேயே மிக அழகான கட்டடம் என்று எழுதினார். கட்டி முடித்த மறு ஆண்டே நோர்த்தின் பதவிக்காலம் முடிந்தது. ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் இருந்த நாட்கள் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்று கடல் அந்த மேட்டை அடியிலிருந்து தின்கிறது. பாதிச் சுவர் சரிந்து கீழே அலையில் கிடக்கிறது. நிற்கிற தூண்களில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. உதிர்ந்த துண்டொன்றைக் கையில் எடுத்தேன். வெயில் படும்படி சாய்த்தால் சுண்ணாம்புக்குள் சிப்பியின் மினுக்கம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இந்த மேட்டுக்குக் கீழே கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுப்பது அரசாங்கத்துக்குப் பெரிய காரியமல்ல. ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போனது திரும்பி வராது.

கோட்டையிலிருந்து வெயிலோடு திரும்பிய எனக்கு நானா கேட்காமலே ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். இந்தப் பிளேன்டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சமையலறையின் பின்புறம் இரண்டு நீலப் பீப்பாய்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பவுசரில் வரும் விலைத் தண்ணீர். கிணறு உவர். பாத்திரம் கழுவவும் கைகால் அலம்பவும் சரி, குடிக்க ஆகாது. அவசரத்தில் யாராவது கேத்தலைத் தவறான பீப்பாயில் மொண்டுவிட்டால் அன்றைய தேத்தண்ணி முழுக்கக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் தேத்தண்ணியை நானா தானே ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கழுவி வைத்தால் கடை திறந்தாயிற்று என்று பொருள். சோற்றுக்கு, சொதிக்கு, தேத்தண்ணிக்கு என்று எத்தனை வாளி விலைத் தண்ணீர் போகிறது என்பது ஒரு கொப்பியில் கோடு கோடாக இருக்கிறது. எனக்குக் குளிக்க எந்தத் தண்ணீர் என்று கேட்கவே கூச்சமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் குளித்தேன். சவர்க்காரம் நுரைக்கவேயில்லை.

நானாவின் மனைவியைக் கடையில் எல்லோரும் ‘தாத்தா’ என்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகர் குழம்ப வேண்டாம், எங்கள் முஸ்லிம் மக்களிடம் அது அக்காவைக் கூப்பிடும் முறை. இடியப்பமும் சம்பலும் அவருடைய பொறுப்பு. ஐந்தரை மணிக்குக் கடலிலிருந்து ஏறியவர்கள் ஈரச் சாரத்தோடு வந்து நின்றபடியே சாப்பிடுகிறார்கள். விளைமீனோ ஓராவோ சூடையோ, அன்று பட்டதில் ஒரு பங்கு கடைக்கு விலையாகிறது. ஏழு மணிக்கு மன்னாரிலிருந்து பஸ்ஸில் ஆசிரியர்கள், பிரதேச செயலகத்துக்குக் கடிதத்தோடு வந்தவர்கள். பதினொரு மணியிலிருந்து பார்சல். லஞ்ச் ஷீட்டை விரித்து, சோற்றைக் கோப்பையால் கவிழ்த்து, பருப்பு, கீரைச் சுண்டல், மீன்கறி, ஓரத்தில் ஒரு அப்பளம் வைத்து மடித்துக் கட்டுவது பத்து விநாடி வேலை. கட்டுகிற பையனின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அரிப்பில் கத்தோலிக்கத் தமிழர், சிலாவத்துறையில் பெரும்பாலும் முஸ்லிம்கள். தவக்காலம் வந்தால் அரிப்புக்காரருக்கு இறைச்சி இல்லாத பார்சல் தனியாக எழுதிப் போகும். நோன்பு மாதத்தில் பகலில் வாசலுக்குச் சேலைத் திரை. பின்னேரம் நோன்புக் கஞ்சி கொதிக்கும்போது, கடலில் இருந்து வந்த அரிப்புக்காரரின் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்களாம். “கஞ்சி கேட்டு வந்தவங்கிட்ட என்ன மதமெண்டு கேக்கிறதா?” என்றார் தாத்தா, இடியப்ப உரலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை வந்த விதம் எளிதானதல்ல. 1990 அக்டோபர் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தமிழ் பேசும் மக்களைத் தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களே துரத்தினார்கள் என்பதை ஒரு தமிழனாக நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். முசலிக்காரர் பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் குடிசைகளில் விழுந்தார்கள். நானாவுக்கு அப்போது 11 வயது. வாப்பாவின் தேத்தண்ணிக் கடை இதே சந்தியில் இருந்தது. புத்தளத்தில் வேறொருவரின் கடையில் மேசை துடைத்து, பிறகு மாவு பிசைந்து, பிறகு கல்லில் நின்று தொழில் பழகினார். பின்னால், 2007 செப்டம்பரில் இராணுவம் இந்தப் பகுதியைப் பிடித்தபோது தமிழ்க் கிராமங்களும் காலியாயின. முள்ளிக்குளத்து மக்கள் ஊரைவிட்டுப் போனது அப்போதுதான். 2009 இல் முசலியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது நானா வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சந்தியில் ஆளுயரப் பற்றை. சுவர் இல்லை, கூரை இல்லை. கிணற்றுக் கட்டைத் தடவிப் பார்த்து, அதிலிருந்து காலால் அளந்துதான் கடை இருந்த இடத்தை வாப்பா கண்டுபிடித்தாராம். கல்லாப்பெட்டி மேசை இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் அளந்து பார்க்க நிலம் கிடைக்கவில்லை. சிலாவத்துறையின் நடுவிலேயே கடற்படை முகாம். அதற்குள் அகப்பட்ட காணிகளைக் கேட்டு 2019 இல் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். முள்ளிக்குளத்தில் 2017 இல் ஒரு மாதத்துக்கு மேல் வீதியோரம் இருந்த பிறகுதான் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. வேலிக்கு வெளியே நின்று தன் வீட்டு மாமரத்தைப் பார்க்கிறவனுக்கு யுத்தம் முடிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

யுத்தம் முடிந்த பிறகும் இந்தக் கடையை அடித்த அடிகள் குறைவில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் கடைகளின் வாசலில் ஆள் குறைந்தது. 2020 இல் ஊரடங்கு. 2022 இல் எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பஸ் ஓட டீசலும் இல்லை. கேஸ் அடுப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பினார்கள். சிலிண்டர் மறுபடி வந்த பிறகும் விறகடுப்பை உடைக்கவில்லை, சோறு இன்னும் அதில்தான் வேகிறது.

இந்தக் கடை நிமிருமா என்பதைத் தீர்மானிப்பது தெற்குப் பாதை. புத்தளத்திலிருந்து எலுவன்குளம், மறிச்சுக்கட்டி வழியாக மன்னாருக்கு வரும் பழைய பாதை காட்டுக்குள்ளால் போகிறது. யுத்தத்தில் மூடியதை 2010 இல் திறந்தார்கள். அதே ஆண்டு சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. அந்தப் பாதை இல்லையென்றால் புத்தளத்தில் இருக்கும் உம்மாவைப் பார்க்க அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன் என்று சுற்ற வேண்டும். சிலாவத்துறை பாதையின் முடிவில் கிடக்கும் ஊராகிவிடுகிறது. காட்டை ஊடறுத்துத் தார் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிறுத்தையும் கரடியும் யானையும் உலவும் காடு அது, ஒருமுறை உடைந்தால் ஒட்டாது. ஆனால் பாதையைக் கேட்கிற மக்களைக் காட்டின் எதிரிகள் என்று கொழும்பிலிருந்து எழுதுகிறவர்கள், ஒரு தடவையாவது இந்தச் சுற்றுப் பாதையில் நோயாளியோடு பயணம் செய்து பார்க்க வேண்டும். பகலில் மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில், வேகம் கட்டி ஓடும் பஸ்ஸுக்காவது ஒரு வழி பேசித் தீர்க்கக் கூடியதே.

இந்தக் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். வங்காலைச் சதுப்பு 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிறகு பூநாரை பார்க்க வருகிறவர்களில் சிலர் தெற்கே அரிப்புவரை இறங்குகிறார்கள். அவர்களுக்காக மதில் எழுப்பிய பெரிய விடுதிகள் வேண்டும் என்ற பேச்சு எப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நானாவைப் போல இரண்டு அறை வைத்திருக்கும் பத்துப் பேருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுங்கள். குழாயில் நல்ல தண்ணீர் கொடுங்கள். கோட்டைக்கு வழி காட்ட ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். வருகிறவர் கொடுக்கும் காசு இந்தச் சந்தியிலேயே மீனுக்கும் கிடுகுக்கும் விறகுக்கும் போய்ச் சேரும்.

கடைசி இரவு மழை. ஒன்பது மணிக்குக் கல்லைத் துடைத்துக் கவிழ்த்த பிறகு ஒரு லொறி வந்து நின்றது. ஓட்டுநர் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். “அண்ணே, ஏதாச்சும் இருக்கா?” நானா பதில் சொல்லவில்லை. கல்லை நிமிர்த்தி, அடுப்பை மூட்டி, மூடி வைத்திருந்த மாவில் நாலு உருண்டை எடுத்தார்.

நான் கல்லாவில் தங்குவோர் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். வந்த அன்றே எழுதியிருக்க வேண்டியது. பக்கத்தைப் புரட்டினால் நில அளவையாளர், ஆசிரியர்கள், மின்சார வேலைக்கு வந்தவர்கள், பறவை பார்க்க வந்த இருவர், இலண்டனிலிருந்து ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு நேரே, வந்த காரணம் என்ற கட்டத்தில், ‘எங்கள் காணியைப் பார்க்க’ என்று எழுதியிருந்தது.

என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“என்ன எழுத நானா?”

ரொட்டியை வீசிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். “சும்மா வந்த எண்டு எழுதுங்க தம்பி. அப்படியும் ஆக்கள் வாறதுதானே.”